வட்டம் போடாத சொட்டு

7

சிட்டிபாபு மூன்றாவது இட்லியில் கை வைத்தபோது கோதண்டபாணி குடையைக் கையில் எடுத்துவிட்டார். அவர் குடையை எடுத்தால் புறப்பாடு என்று அர்த்தம். வெயில், மழை இரண்டுக்கும் அதில் சம்பந்தமில்லை. மிளகும் சுக்கும் மணக்கிற காஞ்சிபுரம் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருப்பது சிட்டிபாபுவுக்கு உயிர் போகிற காரியம். மிச்சத்தை மந்தாரை இலையோடு மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

“மணி எட்டுதான் ஆவுது சார். போலீஸ் மூணு மணிக்குத்தானே வருது?”

“ஏழு மணி நேரம்தான் இருக்குதுன்னு சொல்லு” என்றார் கோதண்டபாணி, திரும்பிப் பார்க்காமலே.

கோதண்டபாணி இருபத்திரண்டு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவர். விலாசம் புரியாத கடிதங்கள் எல்லாம் கடைசியாக வந்து விழுமே, அந்தப் பிரிவில். ‘காஞ்சிபுரம், குண்டுப் பெரியப்பாவுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்த கார்டைச் சரியான குண்டுப் பெரியப்பா கையில் சேர்த்தவர் என்று இன்றைக்கும் தலைமைத் தபால் நிலையத்தில் பேசிக்கொள்வார்கள். ஓய்வு பெற்றதும் காந்தி ரோட்டில் மாடியில் ஒரு அறை பிடித்து, ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டிவிட்டார். அவரைப் பொறுத்தவரை எந்த வழக்கும் ஒரு தொலைந்துபோன கடிதம்தான். எங்கே புறப்பட்டது, எங்கே போய்ச் சேரவில்லை, கடைசியாக எந்த ஊரில் முத்திரை விழுந்தது. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் போதும் என்பார். சிட்டிபாபு முப்பத்தைந்து வயதில் அவரிடம் உதவியாளனாக வந்து சேர்ந்ததே தவறான விலாசம் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

முந்தைய நாள் மாலை அவர்களிடம் வந்த வழக்கு இதுதான். தர்மன் நர்சிங் ஹோமில் ரேணுகாம்பாள் என்று ஒரு குழந்தை. ஐந்து வயது. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் முருகேசனின் ஒரே மகள். மூளைக் காய்ச்சலோடு, கழுத்து விறைத்துப்போய், நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் தர்மன் பெனிசிலின் ஊசி போட ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் குழந்தை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டது. எட்டாம் நாள் மறுபடியும் காய்ச்சல் ஏறி, கழுத்து விறைத்து, பழையபடி படுத்துவிட்டது.

முதலில் கேட்ட மருந்து பிறகு ஏன் கேட்கவில்லை என்று டாக்டர் யோசித்தார். யோசிக்க அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரோ புட்டியில் மருந்தை எடுத்துவிட்டு மைதா மாவைப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். மருந்து அலமாரிச் சாவி கம்பவுண்டர் தாவீதின் இடுப்பில்தான் இருந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வார்டு ஆயா அங்கம்மாள் மடியில் புட்டிகளைக் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆஸ்பத்திரி பெயர் கெட்டுவிடுமே என்று ஒரு நாள் மட்டும் கோதண்டபாணியிடம் விட்டிருந்தார். இன்று மூன்று மணிக்குச் சென்னை பஸ்ஸில் புதுப் பெட்டி மருந்து வருகிறது. அதே மூன்று மணிக்கு சப் இன்ஸ்பெக்டரும் வருகிறார். மருந்து குழந்தைக்கு, சப் இன்ஸ்பெக்டர் தாவீதுக்கு.

தாவீது தன்னைப் பற்றிப் பேசவே இல்லை. நேற்று மாலை வார்டு வாசலில் நின்றுகொண்டு அவன் சொன்னது வேறு.

“என்னை ஜெயில்ல போடட்டும் சார், அது அப்புறம். அந்தப் பொண்ணு நல்லா இருந்த அன்னிக்கு என்னைப் பார்த்தா ‘ஊசி மாமா ஒழிக’ன்னு கத்தும். தெருவுல எலெக்‌ஷன் கோஷம் கேட்டுக் கேட்டு கத்துக்கிச்சு. வார்டே சிரிக்கும். நேத்து ஊசி போட்டேன். ஒண்ணும் சொல்லல சார். ஊசி உள்ள போவுது, அழக்கூட இல்ல. அந்த மருந்து எங்க போய்த் தொலையுதுன்னு மட்டும் கண்டுபிடிச்சிக் குடுங்க.”

கோதண்டபாணி அதைக் கேட்டபின் இரவு காபி சாப்பிடவில்லை. அவருக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் நேற்று மாலையே ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருந்தார். நர்சிங் ஹோமின் பின்னறையில் யேசுதாஸ் என்ற லேப் ஆசாமி இருந்தான். கண்ணாடித் தட்டில் கடல்பாசிக் கூழ் ஊற்றி, அதில் கிருமிகளைப் பயிர் செய்து பார்ப்பது அவன் தொழில். ஒரு ராத்திரியில் தட்டு முழுக்கக் கிருமி பூத்து வெள்ளையாகப் படரும். மருந்து ஒரு சொட்டு வைத்தால் அந்த இடத்தைச் சுற்றிக் கிருமி வளராது, தெளிவாக ஒரு வட்டம் விழும். மைதா மாவு வைத்தால் வட்டம் விழாது. இதைக் கேட்டதும் கோதண்டபாணியின் கண் விரிந்தது. “அட, இது தபால் முத்திரை மாதிரி இல்ல இருக்குது” என்றார். குழந்தை சம்பந்தமாக ஐஸ் பெட்டியில் என்னென்ன நீர் இருக்கிறதோ அதிலெல்லாம் ஒவ்வொரு சொட்டு வைக்கச் சொன்னார். தட்டு முழுசாகத் தயாராக மத்தியானம் இரண்டு மணி ஆகும் என்று யேசுதாஸ் சொல்லியிருந்தான்.

அதுவரை சும்மா இருக்க முடியாது. அங்கம்மாளின் மடியிலிருந்து புட்டி எங்கே போகிறது என்று பார்க்கக் கிளம்பினார்கள்.

அங்கம்மாள் ஒளிக்கவே இல்லை. காலிப் புட்டிகளைத்தான் எடுத்துப் போவதாகவும், வரதராஜப் பெருமாள் கோயில் சன்னதித் தெருவில் குங்குமக் கடை சின்னப்பையனிடம் கொடுப்பதாகவும், பதிலுக்கு அவர் தினம் ஒரு பந்து மல்லிகை தருவதாகவும் சொன்னாள். தலையில் இருந்த மல்லிகையைத் திருப்பிக் காட்டவும் செய்தாள். “பூவை வேணும்னா எடுத்துக்கினு போய் ஜெயில்ல போடுங்க” என்றாள். சிட்டிபாபுவுக்கு ஆசைதான். கோதண்டபாணி முறைத்ததால் விட்டுவிட்டான்.

கடைக்காரர் சின்னப்பையனுக்கு வயது அறுபத்திரண்டு. தொந்தியும் மூக்குக் கண்ணாடியுமாகக் குங்கும மலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள், ரப்பர் மூடியோடு, உள்ளே கோயில் குங்குமம். தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் இதை வாங்கிப் போய் பூஜை அறையில் வைப்பார்கள். புட்டியின் அடியில் ‘பெனிசிலின், பத்து லட்சம் யூனிட்’ என்று ஆங்கிலத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை.

“வெந்நீர்ல அலசிட்டுத்தான் போடறேன்பா. காத்து போவாத மூடி. ஊர்ல எவன்கிட்ட இருக்குது இந்த மாதிரி பேக்கிங்?” என்று சின்னப்பையன் பெருமை அடித்துக்கொண்டார்.

சிட்டிபாபு ஒரு புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து நான்கு தும்மல் போட்டான். மூக்கு நுனி சிவந்துபோனது. கோதண்டபாணியோ புட்டியைப் பார்க்கவே இல்லை. கடைத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூணில் கைக்கெட்டும் உயரத்தில் குங்குமப் பொட்டுகள் வரிசை வரிசையாக இருந்தன.

அது கணக்கு என்றார் சின்னப்பையன். அங்கம்மாள் காலையில் கொண்டு வருவது முந்தின நாள் காலியான புட்டிகள். ஒரு புட்டிக்கு ஒரு பொட்டு, ஒரு நாளுக்கு ஒரு வரிசை. பெரிய புட்டி இந்தப் பத்து நாளாகத்தான் வருகிறது. அதற்கு முன் வந்ததெல்லாம் சின்னது, குங்குமம் ஒரு சிட்டிகைதான் பிடிக்கும்.

பெரிய புட்டி அந்தக் குழந்தைக்கு மட்டும்தான் என்று தாவீது சொல்லியிருந்தான். கோதண்டபாணி குடை நுனியால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். முதல் ஐந்து வரிசையிலும் ஆறு ஆறு பொட்டு. அதற்குப் பிறகு எல்லா வரிசையிலும் இரண்டே இரண்டு.

சிட்டிபாபுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

“சிக்கிட்டான் சார். ஒரு நாளைக்கு ஆறு புட்டி. ரெண்டுதான் காலியாயிருக்குது. மீதி நாலு எங்க? மூடி திறக்காமலே வெளிய போயிருக்குது. தாவீது அண்ணன் பேசினதைக் கேட்டு நானும் கண்ணைத் தொடச்சிக்கினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

கோதண்டபாணி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு புட்டிக் குங்குமம் மட்டும் வாங்கிக்கொண்டார். எத்தனை ஊசி விழுந்தது என்று குத்தினவனைக் கேட்பதைவிடக் குத்துப்பட்ட வீட்டைக் கேட்பது நல்லது என்று சொல்லிவிட்டுப் பிள்ளையார்பாளையத்துக்கு ரிக்‌ஷா பேசினார்.

முருகேசனின் சாயப் பட்டறை வேகவதி ஆற்றங்கரை ஓரமாக இருந்தது. மனைவி பொன்னியம்மாள் ஆஸ்பத்திரியில் குழந்தை தலைமாட்டிலேயே இருந்தாள். அங்கே உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது என்று முருகேசன் மட்டும் காலையில் வந்து அடுப்பைப் பற்ற வைத்திருந்தான். செப்பு அண்டாவில் அரக்குச் சிவப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூங்கில் கழியில் பட்டு நூல் கற்றைகளான சிட்டங்களைக் கோத்து, திருப்பித் திருப்பி முக்கிக்கொண்டிருந்தான். கை வேலையில் இருந்தது, கண் வேறெங்கோ இருந்தது.

ஊசி விஷயத்தைக் கேட்டதும் அவன் கை நின்றது.

“மொதல்ல ஆறுதான் சார் போட்டாங்க. பாப்பா எழுந்து உக்காந்த அன்னிக்கு நான்தான் டாக்டர்கிட்ட போனேன். தொடையெல்லாம் புண்ணாயிடுச்சு சார். தொட்டாலே கத்துது. சாயம் ஏறிடுச்சுன்னா நாங்க அடுப்பைத் தணிச்சிடுவோம். தணிக்கலன்னா நூலு வெந்துபோயிடும். அதையேதான் சொன்னேன். ‘நிறம் ஏறிடுச்சு டாக்டர், அடுப்பைக் கொஞ்சம் தணிங்க’ன்னேன். அவரும் சிரிச்சிட்டு, சரி முருகேசா, இனிமே ரெண்டு போதும்னாரு.”

சிட்டிபாபுவின் முகத்தில் அசடு வழிந்தது. தாவீதைத் திருடன் என்று சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான்கு புட்டி வெளியே போகவில்லை, அலமாரியிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்தபடிதான் ஊசி போட்டிருக்கிறான். குங்குமம் ஒட்டிய மூக்கை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்படியானால் மருந்து நல்ல மருந்து, திருட்டும் இல்லை. காய்ச்சல் மட்டும் ஏன் திரும்பி வந்தது? கோதண்டபாணி குடையை ஊன்றிக்கொண்டு அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முருகேசன் கழியைத் தூக்கினான். தூக்கியவன் தலையில் அடித்துக்கொண்டான். கழியில் இருந்த நான்கு சிட்டத்தில் மூன்று நல்ல அரக்குச் சிவப்பு. நான்காவது மட்டும் வெளிறி, திட்டுத் திட்டாக, கழுவாத வாய் போல இருந்தது. நினைப்பெல்லாம் பிள்ளை மேல் இருந்ததால், வேகவைக்காத பச்சைச் சிட்டத்தை எடுத்து முக்கிவிட்டதாகச் சொன்னான். பதினெட்டு வருஷத் தொழிலில் இப்படிச் செய்ததில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

“ஒரே அண்டா, ஒரே சாயம்தானே முருகேசா?” என்று கோதண்டபாணி கேட்டார்.

“சாயம் என்ன சார் பண்ணும். பச்சைப் பட்டு மேல பசை இருக்குது. சவுக்காரம் போட்டு வேகவெச்சா பசை கழண்டு நூலு வாய் திறக்கும். அப்புறம்தான் சாயம் உள்ள போவும். இல்லன்னா அண்டா நெறைய சாயம் இருந்தாலும் மேலயே நிக்கும். கசக்கினா கையோட வந்துடும்.”

“வாய் திறந்த நூல் மறுபடியும் மூடிக்குமா?”

முருகேசன் இந்தப் பெரிய மனிதருக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தான். “அது எப்படி சார் மூடும்? நூலுக்கு உசுரா இருக்குது?”

கோதண்டபாணி குடையைத் தவறவிட்டார். அது உருண்டு சாயத் தண்ணீரில் விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. சிவந்த சிட்டத்திலிருந்து ஒரு இழையும் வெளிறிய சிட்டத்திலிருந்து ஒரு இழையும் கேட்டு வாங்கி, அலசிப் பிழிந்து, குங்குமப் புட்டியோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ரிக்‌ஷாவை நோக்கி நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார். அவர் ஓடி சிட்டிபாபு பார்த்ததே இல்லை. குடையை அவன்தான் எடுத்தான். வெயிலில் வெளுத்துப்போயிருந்த குடை பாதி சிவப்பாகி இருந்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நர்சிங் ஹோமுக்கு வந்து சேர்ந்தார்கள். வார்டைத் தாண்டும்போது சிட்டிபாபு ஒரு கணம் எட்டிப் பார்த்தான். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு, தலை பின்னால் இழுத்தபடி கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் தாவீது உட்கார்ந்திருந்தான். அலமாரிச் சாவி இல்லாததால் அவனுக்குச் செய்ய வேலை இல்லை, ஈரத் துணியை மாற்றி மாற்றி நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தான். சிட்டிபாபுவுக்கு இனிமேல் கிண்டல் வரவில்லை. பையில் இருந்த இட்லி ஞாபகம் வந்தது, அதைச் சாப்பிடவும் மனசு வரவில்லை.

பின்னறையில் டாக்டர் தர்மன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பேர். கோபம் வந்தால் மட்டும் காது சிவக்கும். இப்போது இரண்டு காதும் சிவந்திருந்தன. யேசுதாஸ் பல்பு வைத்துச் சூடாக்கிய மரப்பெட்டியைத் திறந்து, கோழி முட்டையை எடுப்பது போலத் தட்டை எடுத்து மேஜையில் வைத்தான்.

தட்டு முழுக்க வெள்ளையாகக் கிருமி படர்ந்திருந்தது. நடுவில் நான்கு சொட்டு வைத்த இடங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் யேசுதாஸ் எண் போட்டிருந்தான். முதல் சொட்டு அலமாரியில் மிச்சமிருந்த புட்டி மருந்து. இரண்டாவது, நேற்று காலை ஊசி போட்ட பிறகு குழந்தையிடம் எடுத்த ரத்தம். மூன்றாவதும் நான்காவதும் முதுகில் ஊசி குத்தி எடுத்த நீர். மூளையைச் சுற்றி நிற்கிற நீர்தான் முதுகுத் தண்டு வழியாக இறங்குகிறது, அதனால் அங்கே எடுத்தால் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும் என்று யேசுதாஸ் விளக்கினான். மூன்றாவது சொட்டு, குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் எடுத்தது. நான்காவது நேற்று எடுத்தது.

முதல் சொட்டைச் சுற்றி நாலணாக் காசு அளவுக்குப் பளிச்சென்று வட்டம். இரண்டாவதைச் சுற்றியும் வட்டம், கொஞ்சம் சின்னது. மூன்றாவதைச் சுற்றி மெலிதாக, ஆனால் சந்தேகமில்லாமல் ஒரு வட்டம். நான்காவதைச் சுற்றி ஒன்றும் இல்லை. கிருமி சொட்டின் மேலேயே ஏறிப் படர்ந்திருந்தது.

“பார்த்தீங்களா?” என்றார் டாக்டர். “நேத்து மருந்து இல்லை. மாவுதான்.”

“மாவா இருந்தா ரெண்டாவது வட்டம் எங்கேருந்து வந்தது டாக்டர்?” என்று கோதண்டபாணி கேட்டார்.

டாக்டர் குனிந்து இரண்டாவது வட்டத்தை மறுபடி பார்த்தார்.

“நான் தபால்காரன். எனக்குத் தெரிஞ்சது அதுதான். கடிதம் புறப்பட்ட இடத்துல முத்திரை விழுந்திருக்குது, அது புட்டி. நடு ஊர்ல முத்திரை விழுந்திருக்குது, அது ரத்தம். தாவீது கையில இருந்தது அந்த ரெண்டு ஊர்தான். ரெண்டையும் அவன் ஒழுங்காத் தாண்ட வெச்சிட்டான். கடைசி ஊர்லதான் முத்திரை இல்ல. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல யார் சார் திருட முடியும்?”

டாக்டரின் காதுச் சிவப்பு கொஞ்சம் இறங்கியது. இரண்டு ஊசியாகக் குறைத்தது தான்தான் என்று அவரே சொன்னார். ரத்தத்தில்தான் வேண்டிய மட்டும் இருக்கிறதே, பிறகு அது தலைக்குள் போகாமல் எங்கே போகும் என்று கேட்டார். மூன்றாம் நாள் போயிருக்கிறது, நேற்று போகவில்லை. இது என்ன மாயம் என்று கேட்டார். இப்போது அவர் குரலில் அதிகாரம் இல்லை.

கோதண்டபாணி சட்டைப் பையிலிருந்து இரண்டு இழையை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். ஒன்று அரக்குச் சிவப்பு. ஒன்று வெளுப்பு.

“ரெண்டும் ஒரே அண்டா, ஒரே சாயம். வேகவெச்ச நூல் வாய் திறந்திருந்தது, உள்ள போச்சு. வேகாத நூல் வாய் மூடியிருந்தது, வெளியவே நின்னுடுச்சு. திறந்த நூல் மறுபடி மூடாதாம். நூலுக்கு உசுர் இல்லன்னு முருகேசன் சொன்னான். குழந்தைக்கு உசுர் இருக்குது டாக்டர். அதனால மூடிக்கிச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். மூணாம் நாள் அந்தத் தலைக்குள்ள எது கதவைத் திறந்து வெச்சிருந்தது? அது உங்களுக்குத்தான் தெரியும்.”

டாக்டர் அந்த இரண்டு இழையையும் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வீக்கம்” என்றார். “மூளைச் சவ்வு வீங்கியிருந்தது. வீங்கினா மருந்து கசிஞ்சு உள்ளே போகும். நல்லா இருக்கிற சவ்வு விடாது. குழந்தை தேற ஆரம்பிச்சதும் வீக்கம் இறங்கிடுச்சு. கதவு சாத்திக்கிட்டது. உள்ளே மிச்சம் இருந்த கிருமிக்கு மருந்தே போகலை.” தட்டைத் தள்ளி வைத்தார். “கதவு சாத்துற நேரம் பார்த்து நான் மருந்தையும் குறைச்சிருக்கேன். அப்பத்தான் அதிகமா தட்டணும்.”

சிட்டிபாபு மேஜை ஓரத்தில் இருந்த ஒரு கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருத்துவப் பத்திரிகைகள், தபாலில் வந்தபடியே மேலுறை பிரிக்காமல் ஏழெட்டு இருந்தன. பிரிக்காத தபாலைப் பார்த்தால் கோதண்டபாணிக்கு ரத்தக் கொதிப்பு வரும். நேற்றே அந்தக் கட்டைப் பார்த்து முகம் சுளித்தவர்தான். டாக்டரே கையை நீட்டி நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கிழித்தார், பிறகு இன்னொன்று. மூன்றாவதில் அவர் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சலில் உடம்பு தேறத் தேறத் தலை நீரில் மருந்து இறங்கிவிடுகிறது, கடைசி நாள் வரைக்கும் அளவைக் குறைக்காதே என்று அதில் எழுதியிருந்ததாம். உறையின் முத்திரைத் தேதி போன பொங்கலுக்கு முந்தினது.

“சேர்ந்த தபால்தான். பிரிக்கலை, அவ்வளவுதான்” என்றான் சிட்டிபாபு. சொன்னபிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை.

முருகேசன் கேட்டதால்தானே குறைத்தீர்கள் என்று யேசுதாஸ் டாக்டருக்கு ஆதரவாக ஏதோ சொல்ல வந்தான். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “கேட்டது அவன். எழுதினது நான். அவன்கிட்ட இதை யாரும் சொல்லக் கூடாது.” சிட்டிபாபுவுக்கு அந்த இடத்தில் அவரைப் பிடித்துப்போனது.

டாக்டர் விறுவிறுவென்று வார்டுக்குப் போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். தாவீது எழுந்து நின்றான். போலீஸ்தான் வந்துவிட்டது என்று நினைத்தவன் போலச் சட்டையைச் சரிசெய்துகொண்டான். டாக்டர் மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். மன்னிப்புக் கேட்க ஏதோ வார்த்தை தேடினார்.

“எத்தனை ஊசி டாக்டர்?” என்று தாவீது கேட்டான்.

“ஆறு. முன்னால போட்ட முழு அளவு. இப்பவே முதல் ஊசி போடு. நான் சொன்னாலும் குறைக்காதே.”

தாவீது மன்னிப்புக்குக் காத்திருக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அலமாரிக்கு ஓடினான்.

மூன்று மணிக்குச் சொன்னபடி சப் இன்ஸ்பெக்டர் வந்தார். திருடன் எங்கே என்று கேட்டார். திருடன் தலைக்குள் இருந்த வீக்கம், போன வாரமே இறங்கிக் கம்பி நீட்டிவிட்டான் என்று சிட்டிபாபு விளக்கினான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கோதண்டபாணி ஒரு புட்டிக் கோயில் குங்குமம் கொடுத்து, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

அன்று மாலையும் மறுநாளும் ஒன்றும் தெரியவில்லை. கோதண்டபாணி வேறு வழக்கு எடுக்கவில்லை. காலையும் மாலையும் நர்சிங் ஹோம் வாசல் பெஞ்சில் பாதிச் சிவப்பான குடையோடு உட்கார்ந்திருந்தார். அவர் சரியாகத்தான் சொன்னார் என்று டாக்டர் எத்தனை தடவை சொன்னாலும், கடிதம் சேர்ந்ததற்கான கையெழுத்து வராமல் தபாலை முடித்ததாகக் கணக்கில்லை என்பார். மூன்றாம் நாள் விடியற்காலையில் டாக்டர் மறுபடி முதுகு நீர் எடுத்தார். யேசுதாஸ் சொட்டு வைத்தான். அந்தத் தட்டு தயாராவதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது.

காலை பத்து மணி ஊசி. தாவீது தட்டில் ஊசியை வைத்துக்கொண்டு உள்ளே போனான். வாசல் பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கட்டில் தெரியாது. சிட்டிபாபு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“ஊசி மாமா ஒழிக.”

குரல் கீச்சென்று, பலமில்லாமல் வந்தது. ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது. கோதண்டபாணி எழுந்து நின்றார். சிட்டிபாபு இட்லியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

தாவீது முக்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தான். ஊசித் தட்டு மடியில் இருந்தது. திருட்டுப் பழி விழுந்தபோதுகூட அழாதவன் தோள் குலுங்க அழுதான். பொன்னியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தலையணையில் சாய்ந்திருந்த ரேணுகாம்பாள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெரிய ஆள் அழுவது அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

“அழாத மாமா” என்றாள். “வாழ்க. ஊசி மாமா வாழ்க. ஆனா ஊசி போடாத.”

தாவீது கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவருகே நின்ற டாக்டரைப் பார்த்தான். கட்டில் ஓரமாக நின்ற முருகேசனும் அவரைப் பார்த்தான். மகளின் புண்ணான தொடையைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் அடுப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டாக்டர் ஆறு விரலைக் காட்டினார்.

அதற்குப் பிறகு பத்து நாள், தினம் ஆறு வேளை, அந்த வார்டிலிருந்து ‘ஒழிக’ கோஷம் தெரு வரைக்கும் கேட்டது. நாளுக்கு நாள் குரல் பலமாகிக்கொண்டே போனது. தேர்தல் கூட்டம் என்று நினைத்து இரண்டு பேர் உள்ளேயே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். குங்குமக் கடைத் தூணில் புதிதாக விழுந்த வரிசைகளில் கடைசி வரைக்கும் ஆறு ஆறு பொட்டுதான் இருந்தது.